வந்திருக்கிறேன், வாக்களிப்பேன்

ஜுனுவுக்கு நேபாளம் கிடைத்திருக்கிறது என்று தெரிந்ததும் வகுப்பே சிரித்தது. மாதிரி ஐ.நா. சபையில் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து விவாதிக்கப் போகிற பிள்ளைகள் எல்லாம் தூர தேசத்துக்குத்தான் ஆசைப்படுவார்கள். பிரான்ஸ் கேட்பார்கள், பிரேசில் கேட்பார்கள், ஒன்றும் அகப்படாவிட்டால் எகிப்தாவது கேட்பார்கள். காத்மாண்டுவில் பிறந்து வளர்ந்துவிட்டு, மைக்ரோ பஸ்ஸில் அரை மணி நேரம் போய், லலித்பூரில் ஒரு கல்லூரி அரங்கத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, 'நேபாளத்தின் பிரதிநிதி பேசுகிறேன்' என்று சொல்வதற்கு யாராவது மெனக்கெடுவார்களா?

"உனக்கு விசாகூட வேணாம்டி," என்றாள் பெஞ்சுத் தோழி இப்சா சாக்கியா. அவளுக்கு நார்வே கிடைத்திருந்தது. "என்னைப் பாரு, பனியில சறுக்கிக்கிட்டே வரணும்."

ஜுனுவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் விசா என்ற சொல் உறுத்தியது. விசாவுக்கு முன்னால் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு முன்னால் குடியுரிமைச் சான்று வேண்டும். பதினாறு முடிந்த பிள்ளைகள் எல்லாம் வார்டு அலுவலகத்தில் சிபாரிசு எழுதி வாங்கிப்போய், மாவட்ட அலுவலகத்தில் சான்றும் வாங்கி வந்து, அதிலிருக்கிற போட்டோவைப் பார்த்து, "கழுதை மாதிரி இருக்கேன்ல?" என்று சிணுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜுனுவுக்குப் பதினேழு ஆகிவிட்டது. ஏழு தடவை அந்த வார்டு அலுவலகப் படி ஏறி இறங்கியாயிற்று. கழுதை முகம்கூட அவளுக்குக் கிடைத்தபாடில்லை.

இது இப்சாவுக்கே தெரியாது. 'எடுத்தாச்சு, அம்மா பத்திரமா வச்சிருக்காங்க' என்று ஜுனு ஒரு நாள் சொன்ன பொய்யை, அதற்கப்புறம் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாகிவிட்டது.

வார்டில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் குடியுரிமைச் சான்று நகல். அந்தப் புண்ணியவான் ஜுனுவின் அம்மா தில்குமாரியோடு கம்பளத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஜுனு வயிற்றில் இருந்தபோதே சித்வானுக்குப் போய் வேறு குடித்தனம் போட்டுவிட்டான். போன் செய்தால் 'ராங் நம்பர்' என்பான். அதையும் தன் சொந்தக் குரலிலேயே சொல்வான், என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ஆறாவது தடவை போனபோது தில்குமாரிக்குப் பொறுமை போய்விட்டது. "அந்தாளு செத்துட்டான்னு எழுதிக்குங்க சார்," என்றாள். வார்டுச் செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அப்போ மரணச் சான்று கொண்டாங்க," என்றார். அன்று வீடு வந்து சேரும்வரை தில்குமாரி திட்டிய திட்டில் செத்தவனும் எழுந்து ஓடியிருப்பான்.

அந்தச் செயலாளர் ஒருநாளும் 'முடியாது' என்று சொன்னதில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். "நாங்க கொடுக்க மாட்டோம்னு சொல்லலையே, முறையா வாங்கன்னுதானே சொல்றோம்" என்பார். குரலை உயர்த்த மாட்டார். சில நாள் தேநீர்கூடக் கொடுப்பார்.

இந்த நிலைமையில்தான் பள்ளி அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதம் ஒட்டப்பட்டது. மாநாட்டில் சிறந்த பிரதிநிதியாக வருகிறவருக்குப் பாங்காக்கில் நடக்கிற பெரிய மாநாட்டுக்கு அழைப்பு வரும், போக வர எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஜுனு வீட்டில் வந்து சொன்னபோது தில்குமாரி தையல் மிஷினை நிறுத்திவிட்டாள். லகன்கேலில் ஒரு தையல் கடைக்காகப் பள்ளிச் சீருடை தைக்கிறவள் அவள். மிஷின் சும்மா நிற்காது.

"வெளிநாட்டுக்காரன் முத்திரை குத்தின கடிதமா வரும்?"

"ஆமாம்மா. என் பேரு போட்டு."

"அதைக் கொண்டுபோய் அந்தாளு மேசையில வைப்போம். அப்புறமும் முறையா வா, முறையா வான்னு எப்படிச் சொல்றாருன்னு பார்த்துடறேன்."

பாங்காக்கைப் பார்க்கிற ஆசை இரண்டு பேருக்கும் இல்லை. அந்தக் கடிதம்தான் வேண்டும். அதற்காகவே தில்குமாரி ஒரு பழைய கோட்டைப் பிரித்து, ஜுனுவின் அளவுக்குப் புதிதுபோலத் தைத்துக் கொடுத்தாள்.

அப்புறம்தான் குழுவின் தலைப்பு வந்தது. தாயின் பெயரை மட்டும் வைத்தே பிள்ளைக்குக் குடியுரிமை கொடுக்க வேண்டுமா, கூடாதா?

ஜுனு அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். வேறொரு பிள்ளையாக இருந்தால் ஆசிரியரிடம் ஓடி நாட்டை மாற்றிக்கொண்டிருக்கும். அவள் மாற்றவில்லை. இந்த விளையாட்டின் முதல் விதியே, பிரதிநிதி தன் மனசைப் பேசக் கூடாது, நாட்டின் நிலைப்பாட்டைப் பேச வேண்டும் என்பதுதான். 'நான்' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. அரசாங்கம் பேசுவதுபோல யார் அச்சாகப் பேசுகிறார்களோ அவர்களுக்குத்தான் மதிப்பெண். அப்போதைய நேபாளச் சட்டப் புத்தகத்தில், தாய் பெயரிலும் கொடுக்கலாம் என்று ஒரு வரி உண்டு. வார்டு மேசையில் அந்த வரிக்கு நாற்காலி கிடையாது, அவ்வளவுதான். மற்ற பிள்ளைகள் இணையத்தில் தேடித் தேடிக் குறிப்பெடுத்த வாதமெல்லாம் ஜுனுவுக்கு ஏழு தடவை நேரிலேயே பாடம் எடுக்கப்பட்டிருந்தது.

பூஸ் மாதக் குளிர், நம்மூர் மார்கழி. வெள்ளிக்கிழமை காலை, இருபத்தேழு நாடுகளும் விரல்களை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொருவர் முன்னாலும் நாட்டின் பெயர் அச்சிட்ட வெள்ளை அட்டைப் பலகை. சபைத் தலைவர் மிலாப் தகால், சட்டக் கல்லூரி மாணவர். நாட்டுப் பெயர்களை அகரவரிசையில் கூப்பிட்டு வருகைப் பதிவெடுத்தார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. கூப்பிட்டால் 'வந்திருக்கிறேன்' என்று மட்டும் சொல்லலாம். அப்படிச் சொன்னவர்கள் கடைசியில் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது ஆம், இல்லை இரண்டும் சொல்லாமல் விலகி நிற்கலாம். 'வந்திருக்கிறேன், வாக்களிப்பேன்' என்று சொன்னால் அந்த வாசல் அடைபட்டுவிடும். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியே ஆக வேண்டும். விவரமான பிள்ளைகள் முதலாவதைத்தான் சொல்வார்கள். இப்சாவும் அதையே சொல்லக் கொட்டாவியோடு காத்திருந்தாள்.

"நேபாளம்?"

"வந்திருக்கிறேன், வாக்களிப்பேன்!"

அரங்கம் திரும்பிப் பார்த்தது. "ஏண்டி வலியப் போய் வம்பை இழுத்துக்கிறே?" என்று இப்சா கிசுகிசுத்தாள். அவளும் நார்வேயாகப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். தலைவருக்குத் துணிச்சல் பிடிக்கும் என்று ஜுனு சமாதானம் சொன்னாள். ஆனால் அது மட்டும் காரணமில்லை. அடுத்த வருஷம் பதினெட்டு ஆகிறது. தேர்தல் வரும், தெருவே வரிசையில் நிற்கும், அவள் மட்டும் ஜன்னலில் நிற்பாள். வாக்களிப்பேன் என்று ஒரு சபையில் உரக்கச் சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. ஒவ்வொரு அமர்விலும் பதிவெடுத்தார்கள், ஒவ்வொரு அமர்விலும் அதையே சொன்னாள்.

அவள் பேச எழுந்தபோது வார்டுச் செயலாளரும் கூடவே எழுந்து வந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அதே நிதானம், அதே அரைச் சிரிப்பு.

"நேபாளம் எந்தத் தாயையும் மறுக்கவில்லை. கொடுக்க மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. முறைப்படி வாருங்கள் என்றுதான் சொல்கிறோம். ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டருக்கு மேல் திறந்த எல்லையை வைத்திருக்கிற நாட்டுக்கு, வருகிறவர் யாருடைய பிள்ளை என்று கேட்க உரிமை இல்லையா?"

மேசைகள் தடதடவென்று தட்டப்பட்டன. எதிரே இருந்த மலேசியா, வேறு பள்ளிப் பையன், எழுந்து நின்றே தட்டினான். தலைவரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'நிஜ அமைச்சர் பேசுவதுபோல் இருந்தது. எங்கே கற்றுக்கொண்டீர்கள்?'

சந்தோஷமாகத்தான் இருந்தது ஜுனுவுக்கு. அந்தச் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு வெட்கமும் வந்தது. தன் அம்மாவை நிற்கவைத்துப் பேசிய பேச்சைத் தானே பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறோமே என்று மனசு அரித்தது. சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் முற்றத்து வெயிலில் நின்று மோமோ தின்றார்கள். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோரும் நாடுகள்தான்.

"நேபாளம், கவலைப்படாதே," என்றான் மலேசியா, வாயில் மோமோவோடு. "பத்துப் பேரு நம்ம பக்கம். நீ எந்தப் பக்கம் கை தூக்குறியோ அதான் எங்களுக்கும்."

"முதல்ல முழுங்குடா, அப்புறம் கூட்டணி பேசலாம்," என்றாள் இப்சா. அவன் போனதும் ஜுனுவின் பக்கம் திரும்பினாள். முகத்தில் வழக்கமான கேலி இல்லை. "தாய் பேரே போதும்கிற எங்க தீர்மானத்தை நாறடிச்சுட்டடி நீ. கென்யாகூட உன் பேச்சைக் கேட்டு நழுவிட்டான்."

"விளையாட்டுதானேடி."

"விளையாட்டுதான். ஆனா எங்க மாடியில குடியிருக்காங்களே ஒரு அக்கா, அவங்க பொண்ணுக்கு நர்சிங்ல இடம் கிடைச்சும் சேர முடியல. பேப்பர் இல்ல. அப்பா யாருன்னு கேட்டுக் கேட்டே அந்த வருஷம் போயிடுச்சு. அதை நெனச்சுதான் இந்தத் தீர்மானத்தை நான் எழுதினேன். நான் எதையாவது ஒழுங்கா எழுதி நீ பார்த்திருக்கியா? இதை எழுதினேன்டி." இப்சா கையைத் துடைத்துக்கொண்டாள். "நிஜமா சொல்லு, நீ பேசினதுல உனக்கு நம்பிக்கை இருக்கா?"

"நான் நேபாளம்டி," என்றாள் ஜுனு. "நேபாளத்துக்கு அபிப்பிராயம் கிடையாது, நிலைப்பாடுதான்."

இப்சா சிரிக்கவில்லை. ஜுனு மிச்ச மோமோவைத் தட்டோடு கீழே வைத்தாள்.

கடைசி அமர்வைப் பெற்றோர் வந்து பார்க்கலாம். தில்குமாரி கடையில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவசரத்தில் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். அதோடேயே பின் வரிசையில் உட்கார்ந்து, மகள் 'வந்திருக்கிறேன், வாக்களிப்பேன்' என்று ஆங்கிலத்தில் முழங்கியதை ஒரு வார்த்தையும் புரியாமல் பூரிப்போடு கேட்டாள்.

விவாதம் முடிந்தது. கதவுகளைச் சாத்தினார்கள். வாக்கெடுப்பு நடக்கும்போது யாரும் வெளியே போகவோ உள்ளே வரவோ சீட்டு அனுப்பவோ கூடாது. தலைவர் ஒவ்வொரு நாடாகக் கூப்பிட்டார். ஜுனு பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

"நேபாளம்?"

"பிறகு சொல்கிறேன்."

அப்படி ஒரு தடவை தள்ளிப்போடலாம். கடைசியில் திரும்பவும் கூப்பிடுவார்கள். நார்வே 'ஆம்' என்றது. மலேசியா ஏற்கெனவே 'இல்லை' என்று இடித்துச் சொல்லியிருந்தான். வரிசை முடிந்தபோது ஆம் பன்னிரண்டு, இல்லை பதினொன்று, விலகி நின்றவர்கள் மூன்று. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றுப்போகும். மிச்சம் இருப்பது ஒரே ஒரு நாடு.

அவளுக்குக் கணக்கு பளிச்சென்று தெரிந்தது. விலகி நின்றால் போதும். பன்னிரண்டுக்குப் பதினொன்று, தீர்மானம் தானாக நிறைவேறிவிடும். நேபாளம் தன் நிலைப்பாட்டை விட்டுக் கொடுத்ததாகவும் ஆகாது, பரிசும் போகாது, கடிதமும் வரும். பாம்பும் சாகும், தடியும் முறியாது.

"நேபாளம் விலகி நிற்கிறது."

மிலாப் தாளைப் பார்த்தார். "நேபாளம் இந்த அமர்வில் 'வாக்களிப்பேன்' என்று பதிவு செய்திருக்கிறது. விலகி நிற்க முடியாது. ஆமா, இல்லையா?"

'வலியப் போய் வம்பை' என்று இப்சா சொன்னது காதில் ஒலித்தது. ஜுனு எழுந்து நின்றாள். மலேசியா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பின் வரிசையில் அம்மா, மகள் எழுந்து நின்றாலே பரிசு வாங்கத்தான் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

விலகி நிற்பது எவ்வளவு சுகம் என்று ஜுனுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சுகத்தில்தானே அந்தச் செயலாளர் ஏழு தடவையும் உட்கார்ந்திருந்தார்? ஆம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், தேநீர் கொடுத்துக்கொண்டு! இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒரே சொல். சொல்லிவிட்டால் கடிதம் கையில். ஆனால் அந்த மனிதரே வாய்விட்டுச் சொல்லத் துணியாத சொல்லை, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, அவருக்காக அவள் சொல்லித்தர வேண்டுமா?

"ஆம்," என்றாள். "விளக்க உரிமையோடு."

அரங்கம் சலசலத்தது. தன் நாட்டின் நிலைப்பாட்டுக்கு எதிராக வாக்களிக்கிறவர் காரணம் சொல்ல ஒரு நிமிஷம் கேட்டு வாங்கலாம், அதற்குத்தான் அந்த உரிமை. மலேசியாவின் கட்டை விரல் கீழே இறங்கியது.

"நேபாளத்தின் பிரதிநிதி..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அந்த வழியில் போக முடியவில்லை. பலகையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் இரண்டு நாளாக இதைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். இந்த நாட்டின் பேர் போட்டு என் கைக்கு வந்த முதல் காகிதம் இதுதான். எனக்குக் குடியுரிமைச் சான்று கிடையாது. நேற்று நான் பேசினதெல்லாம் ஏழு தடவை எனக்கும் என் அம்மாவுக்கும் சொல்லப்பட்டது. அதனால்தான் அவ்வளவு நன்றாகப் பேசினேன். என் அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் யாருடைய பிள்ளை என்று கேட்டீர்களே, அதோ, அவருடைய பிள்ளை."

'நான்' என்ற சொல்லுக்கே மிலாப் சுத்தியலைத் தூக்கியிருந்தார். தூக்கிய கை அப்படியே நின்றது. நிமிஷம் முடிந்தும் தட்டவில்லை. இருபத்தாறு நாடுகளும் திரும்பி, கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்த பெண்மணியைப் பார்த்தன. அவள் பதறிப்போய் நாடாவை உருவினாள்.

தீர்மானம் நிறைவேறியது. சாயங்காலம் அந்தக் காகிதம் குப்பைக் கூடைக்குப் போகும், அது எல்லோருக்கும் தெரியும். சிறந்த பிரதிநிதி நார்வே. பரிசு வாங்கிய இப்சா மேடையிலிருந்து நேரே ஓடிவந்து ஜுனுவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பொய் சொன்னியேடி எங்கிட்ட! நான் பாட்டுக்கு விசா, அது இதுன்னு... நான் போகலைடி பாங்காக்குக்கு."

"போடி லூசு. போய்ட்டு வா," என்றாள் ஜுனு. "உன் கழுதை முகத்துக்கும் ஒரு வேலை வேணாமா?" அப்புறம் அவளும் அழுதாள்.

வெளியே தில்குமாரி நாடாவைச் சுருட்டியபடி நின்றிருந்தாள். "என்ன பேசின நீ? ஏன் எல்லாரும் என்னையே பார்த்தாங்க?"

ஜுனு சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

"எல்லார் முன்னாடியுமா?" தில்குமாரியின் முகம் சிவந்தது. "கடிதம்?"

"கிடைக்காதும்மா."

தில்குமாரி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "பதினேழு வருஷமா நான் பொத்திப் பொத்தி வச்சதை ஒரு நிமிஷத்துல அவுத்துக் கொட்டிட்டியே," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, சுருட்டிய நாடாவைப் பிரித்துத் திரும்பவும் சுருட்டினாள். பிறகு, "கடைசியா ஒண்ணு சொன்னியே, அதைத் திரும்பச் சொல்லு," என்றாள்.

"அவருடைய பிள்ளைன்னு சொன்னேன்."

தில்குமாரி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் உண்டு. வா, போவோம்."

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான்; வார்டு அலுவலகத்தில் ஞாயிறு காலை நல்ல கூட்டம். பியூன் பெயர் கூப்பிட்டான்.

"ஜுனு தமாங்!"

"வந்திருக்கேன்."

செயலாளர் நிமிர்ந்து பார்த்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அட, வாம்மா. அப்பா பேப்பர் கிடைச்சுதா? இல்லையா? பாரும்மா, நாங்க கொடுக்க மாட்டோம்னு..."

"சொல்லலை. முறையா வாங்கன்னுதான் சொல்றீங்க," என்று முடித்தாள் ஜுனு. "திறந்த எல்லை, யாரு புள்ளைன்னு கேக்க வேண்டியிருக்கு. எல்லாம் மனப்பாடம் சார்."

பின்னால் நின்ற கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஜுனு விண்ணப்பத்தை மேசையில் வைத்தாள். அதன் மேல் அம்மாவின் குடியுரிமைச் சான்றை வைத்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் தன் பேனாவையும் வைத்தாள்.

"இன்னையோட எட்டாவது தடவை சார். ஒரு தடவைகூட நீங்க முடியும்னும் சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. கொடுக்கிறதா இருந்தா சிபாரிசு எழுதுங்க. இல்லேன்னா, முடியாதுன்னு எழுதி, காரணம் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அதை வச்சுக்கிட்டு எங்க போகணுமோ அங்க போய்க்கிறோம்."

"அதெல்லாம் எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்லையேம்மா," என்றார் அவர். சொல்லிக்கொண்டே பியூன் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு டீ..." என்று ஆரம்பித்தார்.

"டீ வேண்டாம் சார்," என்றாள் தில்குமாரி. பின் நகர்ந்து மகளுக்கு இடம் விட்டு நின்றாள்.

"விலகி நிக்க முடியாது சார்," என்றாள் ஜுனு. "ஆமா, இல்லையா?"

அவர் வெள்ளைத் தாளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார். வரிசை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, முதல் தடவையாக, "உக்காரும்மா," என்றார்.

ஜுனு உட்காரவில்லை. நின்றுகொண்டே காத்திருந்தாள்.